மடங்காத முழங்கை

இந்த இதழ் இரண்டு மாதம் தாமதமாக வருகிறது. வழக்கமாக அச்சகக் கடன், காகித விலை என்று ஏதாவது காரணம் எழுதுவோம். இந்த முறை அது இல்லை. எங்க மாமாவின் வலது முழங்கைதான் காரணம். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. எனக்கிருந்த லீவெல்லாம் அவரோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது. மெய்ப்புத் திருத்த வேண்டிய தாள்கள் எக்ஸ்ரே கவருக்குள்ளேயே கிடந்தன. "அதுக்காக முழங்கையப் பத்தித் தலையங்கமா தோழர்?" என்று இதழ்க் குழுவில் ஒருவர் கேட்டார். ஆமாம் தோழர், முழங்கையைப் பற்றித்தான்.

உடலைப் பற்றி நாம் எழுதாததா? தலித் உடல், ஒடுக்கப்பட்ட உடல், உடல் மீதான அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஃபூக்கோ பெயர் வராத இதழ்கள் நம்மிடம் குறைவு. நானும் கவிதையில் எலும்பு, சதை, ரத்தம் என்று எழுதித் தள்ளியவன்தான். ஆனால் அந்த உடலில் மூட்டு என்று ஒன்று இருக்கிறது, வேலை அதைத் தேய்க்கும், தேய்ந்தால் சோறு வாய்க்குப் போகாது என்று ஒரு வரி எழுதியதில்லை. சேரியில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கிற பேச்சு அது. காதில் விழுந்திருக்கிறது, எழுத்தில் விழவில்லை.

மாமாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயசு. பதினாலு வயசில் சம்மட்டி பிடித்தவர். முதலில் கல் உடைப்பு, அப்புறம் கிணறு வெட்டு, அப்புறம் கம்ப்ரசர் வேலை. பாறையில் குழி போடுகிற அந்த மெஷினைப் பிடித்து நின்றால் தோள்வரை அதிரும். வேலை இல்லாத நாளில் சாவு விழுந்தால் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். ஐந்தாறு வருசமாகவே வலது கை முழுசாக நீளவில்லை, முழுசாக மடங்கவும் இல்லை. தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுத் தூக்கினால் முழங்கைக்குள் ஈட்டி சொருகினமாதிரி இருக்கிறது என்பார். சில சமயம் பாதியில் பூட்டிக்கொள்ளும். உதறி உதறி எடுக்க வேண்டும். சாப்பிடும்போது கை வாய்க்கு வராது, தலையைத்தான் தட்டுக்குக் கொண்டுபோவார். பந்தியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். சட்டையின் மேல்பித்தானை அத்தை போட்டுவிடுவாங்க.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்த்தெரு ஆட்கள் முன்னால் ஒரு கூலிப் பஞ்சாயத்தில் மாமா கையைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தார். "கைகட்டக்கூட மாட்டேங்கிறான் பாரு, கொழுப்பு" என்று ஒருத்தர் முனகினார். கை கட்டுவதென்றால் இரண்டு முழங்கையும் மடங்க வேண்டும். மாமா வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "கட்ட முடியலடா மாப்ள. முடிஞ்சாலும் கட்டியிருக்க மாட்டேன், அது வேற."

முழங்கைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். மேற்கை எலும்பின் கீழ்முனையில் முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி. கையை நீட்டும்போது முன்கை எலும்பின் பின்முனை பின்குழியில் போய் உட்கார வேண்டும். மடக்கும்போது அதன் முன்முனை முன்குழியில் உட்கார வேண்டும். வருசக்கணக்கில் அடியும் அதிர்வும் பட்டால் இந்த முனைகளிலும் குழி ஓரங்களிலும் புதிதாக எலும்பு முளைக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே கல் சிக்கினமாதிரி. முழுசாகத் திறக்காது, முழுசாகச் சாத்தாது. சில துணுக்குகள் கழன்று மூட்டுக்குள் உருளும். பூட்டிக்கொள்வது அதனால்தான். மூட்டைச் சுற்றியிருக்கிற உறையும் தடித்து இறுகிவிடுகிறது. இதில் ஒரு நல்ல சேதி, மற்ற மூட்டுத் தேய்மானங்களைப் போல் இல்லாமல் இந்த வகையில் நடுவில் இருக்கிற குருத்தெலும்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். வலி கடைசி எல்லைகளில்தான். முளைத்ததைச் சீவி, உருளுகிறதை எடுத்து, உறையைத் தளர்த்திவிட்டால் கை திரும்ப ஓடும்.

யாருக்கு வருகிறது இந்த நோய்? எலும்பு மருத்துவப் பாடநூல்கள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கின்றன. அடிபடாமல், வேறு நோய் இல்லாமல் முழங்கை இப்படித் தேய்வது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் அதிகம் புழங்குகிற கைக்கு, கடும் உடலுழைப்பு செய்தவர்களுக்கு. கூடவே எடை தூக்கும் விளையாட்டுக்காரர்களையும், சக்கர நாற்காலியைக் கையால் தள்ளுகிறவர்களையும் சேர்க்கிறார்கள். முழங்கால் தேய வயசு போதும். முழங்கை தேய வேலை வேண்டும். நம் நாட்டில் யார் கையில் சம்மட்டி, யார் கையில் பேனா என்பதைப் பிறப்பு தீர்மானித்து வைத்திருக்கும்போது இந்த எக்ஸ்ரேயைச் சாதிச் சான்றிதழாகவே படிக்கலாம். (பெண்களுக்குக் குறைவு என்கிறார்களே, அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. சித்தாள் வேலை பார்த்த நம் அக்காக்களை யார் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள்?)

ஜெர்மனியில் காற்றழுத்த மெஷின் பிடிக்கிற சுரங்கத் தொழிலாளிகளின் முழங்கை, மணிக்கட்டு, தோள் மூட்டுகள் கெடுவதைத் தொழில் தந்த நோய் என்று 1929லேயே சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மெஷின் கெடுத்த மூட்டுக்கு நஷ்டஈடு. மாமா பிடித்ததும் அதே ஜாதி மெஷின்தான். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் முதலில் பார்த்த டாக்டர் சொன்னது: "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்." வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "கையை நீட்டுப்பா, மடக்குப்பா" என்றார். தொடவில்லை. வலிமாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தொடாமல் பார்க்கிற வைத்தியத்துக்கு நம் சரித்திரத்தில் ஒரு பழைய பக்கம் உண்டு. 1929இல் கத்தியவாரில் பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த ஒரு தீண்டப்படாத பெண்ணைப் பார்க்க டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். சேரிக்கு வெளியே கொண்டுவந்து கிடத்த வேண்டும் என்றார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார், அவர் கணவன் கையில் கொடுத்தார், கணவன் மனைவிக்கு வைத்தார், அதே வழியில் அது திரும்பிப் போனது. அந்தப் பெண் இறந்துபோனாள். கணவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் எழுதிய கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' குறிப்புகளில் எடுத்து வைத்திருக்கிறார். இன்றைய டாக்டர் சாதி பார்த்துத்தான் தொடவில்லை என்று நான் சொல்லவில்லை. வெளியே இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் விறைத்த மூட்டை எக்ஸ்ரேயில் மட்டும் பார்க்க முடியாது. பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது, எலும்பு இடித்து நிற்கிறதா, உறை இழுத்து நிற்கிறதா என்பது டாக்டரின் கைக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து வேறொரு ஊரில், அதுவும் அரசு மருத்துவமனைதான், ஒரு இளம் டாக்டர் அப்படிப் பிடித்துப் பார்த்தார். கோணமானி வைத்து அளந்தார். நேராக நீட்டினால் பூச்சியம், முழுக்க மடக்கினால் 140க்குக் கொஞ்சம் மேலே, அதுதான் ஒரு நல்ல முழங்கையின் ஓட்டம். மாமாவுக்கு 45இல் தொடங்கி 105இல் நின்றது. அறுபது டிகிரி. சுண்டுவிரலும் பாதி மோதிரவிரலும் மரத்திருந்தன. முழங்கையில் எங்காவது இடித்தால் ஷாக் அடிக்கிறதே, அந்த நரம்பு நெரிபடுகிறது என்றார்.

டிகிரிக் கணக்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோரேயும் கூட்டாளிகளும் 1981இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நோயில்லாத 33 பேரை வைத்து அன்றாடக் காரியங்கள் பதினைந்துக்கு முழங்கை எவ்வளவு ஓட வேண்டும் என்று அளந்தார்கள். 30இலிருந்து 130 வரை நூறு டிகிரி போதும் என்று முடிவு வந்தது. இன்றுவரை உலகம் முழுக்க முழங்கை டாக்டர்கள் கையில் வைத்திருக்கிற அளவுகோல் அதுதான். என்னென்ன காரியங்கள்? டெலிபோனைக் காதில் வைப்பது, செய்தித்தாள் படிப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, கதவு திறப்பது, ஜாடியிலிருந்து ஊற்றுவது, கத்தியால் வெட்டுவது, முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவது. 2011இல் வேறு சிலர் திரும்ப அளந்தார்கள். செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டதே, அந்த நூறு போதாது என்றார்கள். சரிதான். ஆனால் இரண்டு பட்டியலிலும் மண்வெட்டி இல்லை, சம்மட்டி இல்லை, தலைச்சுமைக்குக் கை கொடுப்பது இல்லை. ஒரு பேங்க் கிளார்க்கின் முழங்கைக்கு அந்த அளவுகோல் பொருந்தும், எனக்கு அளந்து தைத்தமாதிரி இருக்கிறது. மோரேயைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் தன் ஊர் வாழ்க்கையை அளந்தார். நம் ஊர் வேலையை அளக்க வேண்டியது அவர் பொறுப்பா?

சிகிச்சைக்கு வருகிறேன். பழைய முறையில் முழங்கையை நீளமாகத் திறந்து முளைத்த எலும்பை வெட்டி எடுப்பார்கள். இப்போது துளைவழியாகச் செய்கிறார்கள். ஆர்த்ராஸ்கோப்பி என்று பெயர். அரை சென்டிமீட்டர் அளவில் ஐந்தாறு துளை. ஒன்றின் வழியே 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாய், இன்னொன்றின் வழியே சுரண்டுகிற, தேய்க்கிற கருவி. சலைன் செலுத்தி மூட்டை உப்பவைத்து, டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டே வேலை. முழங்காலுக்கு இது ரொம்ப காலமாக நடக்கிறது. முழங்கை தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 1931இல் நியூயார்க்கில் பர்மன் என்பவர் இறந்த உடல்களின் மூட்டுகளில் குழாய் விட்டுப் பார்த்து, முழங்கை இதற்கு லாயக்கில்லை, இடம் ரொம்பக் குறுகல் என்று எழுதினார். 1985இல் ஆண்ட்ரூஸும் கார்சனும் முறையை வகுத்து எழுதிய பிறகுதான் அது பரவலானது.

குறுகல் மட்டும் பிரச்சினை இல்லை. மூன்று பெரிய நரம்புகள் அந்த மூட்டை ஒட்டிப் போகின்றன. விரலை நிமிர்த்துகிற நரம்பு முன்பக்க உறைமேல் கிட்டத்தட்ட படுத்திருக்கிறது. சலைன் உப்பவைத்தால் நரம்பு எலும்பைவிட்டுக் கொஞ்சம் விலகும். விறைத்த மூட்டில் உறை இறுகியிருப்பதால் அந்த உப்பலும் குறைவு. அதாவது யாருக்கு இந்த ஆபரேஷன் அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஆபத்தும் அதிகம். மேயோ கிளினிக்கில் நடந்த 473 ஆபரேஷன்களின் கணக்கு 2001இல் வந்தது. அதில் மூட்டுக்குள் சீழ் பிடித்தது 4 பேருக்கு. நரம்பு தற்காலிகமாகச் செயலிழந்த சம்பவங்கள் 12. நிரந்தரமாகப் போனது அதில் இல்லை. ஆனால் அது கைதேர்ந்தவர்களின் இடம். பழகாத கையில் இது விளையாட்டு அல்ல. எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் நாளைக்கே செய் என்று நான் கோஷம் போடப் போவதில்லை. நரம்பை அறுத்துவிட்டு "மைனர் ஆபரேஷன்" என்று சொல்லுகிற நிலைமை நம் ஆட்களுக்குத்தான் முதலில் வரும்.

அப்படியானால் மூட்டையே மாற்றிவிட்டால் என்ன? முழங்காலுக்கு மாற்றுகிறார்களே என்று அத்தை கேட்டாங்க. முழங்கைக்கும் செயற்கை மூட்டு உண்டு. பொருத்தியவர்களுக்கு ஆயுசுக்கும் ஒரு கட்டுப்பாடு சொல்வார்கள்: அந்தக் கையால் ஒரே தடவையில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே, திரும்பத் திரும்பத் தூக்குவதென்றால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். மீறினால் மூட்டு தளர்ந்துபோகும். ஐந்து கிலோ! கலவைச் சட்டிக்கே காணாது. சிமெண்ட் மூட்டை ஐம்பது. செயற்கை மூட்டு என்பது உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கான பொருள். உழைத்துப் பிழைக்கிறவனுக்கு, சொந்த மூட்டை வைத்துக்கொண்டே அதைச் சுத்தம் செய்து தருகிற இந்தத் துளைச் சிகிச்சைதான் பெரும்பாலும் மிச்சமிருக்கிற வழி. அதனால்தான் தலையங்கம் எழுதுகிறேன். பணக்காரர்களின் சொகுசு வைத்தியம், தழும்பு தெரியாமல் இருக்கச் செய்துகொள்வது என்று நானும் நினைத்திருந்தேன். தழும்பைப் பற்றி மாமாவுக்கு என்ன கவலை, உடம்பெல்லாம் கல் தெறித்த தழும்பு.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகை என் ஐந்து மாதச் சம்பளம். நான் உட்காருகிற கவுண்டரில் தினமும் தோடும் தாலியும் எடை போடுகிறார்கள். ஏன் வைக்கிறீங்க என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவர்களாகவே சொல்வார்கள்: ஆஸ்பத்திரிக்கு. அத்தையின் தோடும் அங்கே வந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தபோதுதான் அந்த இளம் டாக்டர் அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம் என்றார். நாலு மாதம் காத்திருந்து ஆபரேஷன் நடந்தது. நரம்புக்குத் தனியாகச் சின்னக் கீறல் போட்டு நெரிசலை எடுத்துவிட்டார்கள். முளைகளைச் சீவினார்கள். ஏழு எலும்புத் துணுக்குகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே அளந்தது 15இலிருந்து 130 வரை. டாக்டர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது நன்றி அறிவிப்பாக இருந்திருக்கும். முழங்கையைத் திறந்துவிடுவது பாதி வேலை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே அசைக்கத் தொடங்க வேண்டும், நாளுக்குப் பலமுறை, வலிக்க வலிக்க, வாரக்கணக்கில். விட்டால் உறை திரும்ப இறுகும். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி, போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். கனமான வேலை மூன்று மாதத்துக்குக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. கூடாது என்றால் என்ன சாப்பிடுவது என்பதற்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், அடுப்புக்கு இல்லை. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருசத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு மூட்டு ஆற மூன்று மாதம் கூலி வேண்டும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. வயல்கூலிக்கும் கிணறு வெட்டுகிறவருக்கும் அது கிடையாது. எனக்கு ஒரு கை ஒடிந்தால் மெடிக்கல் லீவு உண்டு, சம்பளம் உண்டு. மாமாவும் நானும் ஒரே வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவர்கள்தான்.

நான் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒரு மாதம்வரை. ஐந்தாவது வாரம் எனக்குத் தெரியாமல் கிணற்று வேலைக்குப் போய்விட்டார். "மச்சினன் வீட்டுப் புள்ள காசுல எத்தன நாளுடா உக்காந்து தின்ன?" பிசியோதெரபி நின்றது. நாலு மாதம் கழித்து அளந்தபோது 30இலிருந்து 120. இரண்டு பக்கமும் சேர்த்து 25 டிகிரியைத் திரும்ப இழந்திருந்தார். டாக்டர் கோபப்பட்டார், என்னிடம்தான். மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், தப்புப் பண்ணின பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி. அந்த 25 டிகிரியைக் கத்தி எடுக்கவில்லை, பஸ்ஸும் கூலியும்தான் எடுத்தன. இந்த முறைக்குக் குறைந்த சேதம் என்று பெயர். தோலுக்கும் தசைக்கும் சேதம் குறைவு, உண்மை. நாள்கூலிக்காரரின் சேதத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் பக்கத்துத் தவறையும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் புகார்ப் பட்டியல். நம் ஊர்களில் முழங்கை விறைக்க இன்னொரு பெரிய காரணம், மரத்திலிருந்து விழுந்த பிள்ளைகளின் ஒடிந்த கையை இறுக்கிக் கட்டி, கட்டு பிரித்ததும் எண்ணெய் போட்டு உருவுவது. அடிபட்ட முழங்கையை வலுவாக உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு உருவாகிப் பூட்டிவிடலாம். நாட்டு வைத்தியம் நம் சொத்து, அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான் என்று மேடையில் பேசுகிறோம். பேசலாம். ஆனால் பண்டிதர் பெயரைச் சொல்லிக்கொண்டு எட்டு வயசுப் பிள்ளையின் முழங்கையை உருவக் கூடாது. இதை நம் தெருவில் நாம்தான் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்காரன் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மருத்துவக் கல்லூரிகளில் படிக்கிற நம் தம்பி தங்கைகள் இந்த இதழை வாசிக்கிறீர்கள். இடஒதுக்கீட்டில் வந்தவன் என்ற ஏச்சை வார்டிலும் ஹாஸ்டலிலும் கேட்டுக்கொண்டேதான் படிக்கிறீர்கள் என்பது தெரியும். உங்களிடம் இரண்டு வேலை ஒப்படைக்கிறோம். ஒன்று, எலும்புப் பிரிவுக்கு வருகிறவரின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். என்ன கூலி, எத்தனை வருசம், எந்தக் கருவி, எந்தக் கை என்று கேட்டு எழுதுங்கள். ஜெர்மனிக்காரன் 1929இல் சட்டம் போட்டது யாரோ இப்படிக் கேட்டு எழுதியதால்தான். இரண்டு, மண்வெட்டி பிடிக்க, சம்மட்டி ஓங்க, பறை அடிக்க, நாற்று முடி வீச முழங்கை எத்தனை டிகிரி ஓட வேண்டும்? கோணமானி உங்கள் பையில் இருக்கிறது. அளந்து அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.

இயக்கத் தோழர்களுக்கு: வட்டார ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி ஆள் இருக்கிறாரா, எத்தனை நாள் வருகிறார் என்று விசாரித்து எழுதுங்கள். ஆபரேஷனைப் பெரிய ஊரில் வைத்துக்கொள்ளட்டும். பயிற்சி நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும், அந்த மூன்று மாதத்துக்குக் கூலி வேண்டும். இந்த இரண்டையும் வைத்து மனு ஒன்று தயாராகிறது. வரைவு பின்னட்டையில் இருக்கிறது, திருத்தங்கள் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துசேர வேண்டும்.

மாமா இப்போது தன் கையாலேயே மேல்பித்தான் போட்டுக்கொள்கிறார். பந்தியில் உட்காருகிறார், தலையைக் கொஞ்சம் குனிந்தால் போதும். காலையிலும் ராத்திரியிலும் திண்ணைத் தூணில் துண்டைக் கட்டி இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செய்கிறாரா என்று அத்தையிடம் போனில் கேட்டேன். "கம்ப்ரசர் வேலைக்குப் போன அன்னிக்கு எங்க செய்யறது" என்றாங்க.